கமலநாதன் குடிகாரன் ஆன கதை

திங்கட்கிழமை காலையில் மூன்று பிள்ளைகள் வேனுக்கு வரவில்லை. காய்ச்சலாக இருக்கும் என்று நினைத்தேன். செவ்வாய்க்கிழமை ஐந்து பேர். பண்டமாரான் ஊர் முழுக்கக் காய்ச்சல் வந்தாலும் வாணி வீட்டுப் பிள்ளைகள் இரண்டுக்கும் வராது. மழையில் ஊறினாலும் தும்மாத பிள்ளைகள் அவை. அவர்கள் வீட்டு கேட்டுக்கு முன்னால் வேன் நின்றது. கேட்டுக்கு உள்ளே வாணியின் கார் என்ஜின் ஓடிக்கொண்டிருந்தது. பின் சீட்டில் இரண்டு பிள்ளைகளும் யூனிபார்மோடு உட்கார்ந்து, எங்கள் பக்கம் திரும்பாமல் நேராகப் பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

நான் இறங்கிப் போய்க் கேட்டேன்.

"இனிமே நாங்களே அனுப்பிக்கிறோம்க்கா. தப்பா நெனைக்காதீங்க லா."

"என்னா ஆச்சு வாணி? வேன் லேட்டா வந்துச்சா? புள்ளைய யாரும் ஏசுனாங்களா?"

"ஞாயித்துக்கெழம பேப்பர் படிக்கலையா நீங்க?" என்றவள், வேனில் இருக்கும் கமலநாதனை ஓரக்கண்ணால் பார்த்துவிட்டு, கட்டைவிரலை வாய்ப்பக்கம் கொண்டுபோய்க் காட்டினாள். "அங்கிள் இது போடுவாராமே? போட்டுட்டுத்தான் வேன் ஓட்டுவாராமே?"

எனக்குக் கோபம் உச்சந்தலை வரைக்கும் ஏறிவிட்டது.

நான் இராஜம்மா. ஏழு வருஷமாகக் கமலநாதன் வேனில் பிள்ளைகளை ஏற்றி இறக்குகிறேன். இரண்டு டிரிப், இருபத்திரண்டு பிள்ளைகள். எல்லாம் தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகள். யார் வாந்தி எடுப்பான், யார் பையை மறப்பாள், யாருக்குக் காலையில் சாப்பாடு கிடைக்கவில்லை, எல்லாம் எனக்குத் தெரியும். அடுக்குமாடியில் கமலநாதன் வீடும் என் வீடும் ஒரே சுவர். முன்பு துறைமுகத்தில் கண்டெய்னர் லோரி ஓட்டினவர். மகள் பள்ளிக்கூடம் போக ஆரம்பித்ததும் லோரியை விட்டுவிட்டு வேன் வாங்கினார். ஒரு நிறுத்தத்தில் இரண்டு நிமிஷத்துக்கு மேல் நிற்கமாட்டார், என்ஜினை அணைக்கமாட்டார், ஒருநாள்கூடப் பள்ளி மணிக்குப் பிந்தியது இல்லை. கல்யாண விருந்தில் மேசைக்குப் பாட்டில் வந்தால் தன் கிளாஸைக் கவிழ்த்து வைத்துவிட்டு சார்சி சோடா கேட்கிற ஆள். நாற்பத்தாறு வயசில் சார்சி! அந்த மனுஷனையா?

"யார் சொன்னா ஒனக்கு?"

"அவரு மகளே எழுதியிருக்கா. பாருங்க."

வாணி கைப்பேசியை நீட்டினாள். ஞாயிற்றுக்கிழமைப் பேப்பரின் மாணவர் பக்கத்தைப் படமெடுத்து யாரோ வாட்ஸ்அப் குழுவில் போட்டிருக்கிறார்கள். கமலநாதன் மகள் விஷ்ணுப்ரியாவின் படம் தெரிந்தது. எழுத்து கொசுமுட்டை மாதிரி இருந்தது, கண்ணாடி என்னிடம் இல்லை. வாணியே படித்துக் காட்டினாள். "'நான் ஒரு பள்ளி வேன் ஓட்டுநரின் மகள். என் அப்பாவின் கையில் எப்போதும் இரண்டு பொருள்கள் இருக்கும். ஒன்று ஸ்டியரிங். மற்றொன்று சம்சு பாட்டில்.' போதுமாக்கா? இன்னும் இருக்கு. வேன் போயி ஒரு புள்ளைய மோதப் பாக்குது."

"அது கதை வாணி. போட்டிக்கு எழுதுனது. மொதப் பரிசு வாங்கியிருக்கு அந்தப் புள்ள."

"கதைன்னா அடியில இது என்னா?"

நம் பேப்பர்களில் ஒரு வழக்கம் உண்டு. பிள்ளை எதையாவது எழுதி அச்சில் வந்தால் கீழே குலம் கோத்திரம் எல்லாம் போடுவார்கள். படிவம் நான்கு மாணவி. பெற்றோர்: திரு. கமலநாதன் (பள்ளி வேன் ஓட்டுநர்), திருமதி மாதவி, பண்டமாரான். பெற்றவர்களுக்குப் பெருமையாக இருக்கட்டும் என்று போடுவது. மேலே குடிகார வேன் ஓட்டுநர், கீழே பெயர், வேலை, ஊர். போலீசுக்கே இவ்வளவு விவரம் கிடைக்காது.

ஞாயிற்றுக்கிழமை நான் கேசரி செய்து கொண்டுபோய்க் கொடுத்தவள். விஷ்ணுவுக்குப் பரிசு என்று மாதவி வெள்ளிக்கிழமையே சொல்லியிருந்தாள். "பேப்பரக் குடு, பாப்போம்" என்று கேட்டதற்கு, "நனைஞ்சி போச்சுக்கா" என்றாள். நான் நம்பினேன். இப்போதுதான் புரிந்தது, மறைத்திருக்கிறாள்.

அன்று பிள்ளைகளை இறக்கிவிட்டு வந்ததும் கமலநாதன் அடுக்குமாடிக்குக் கீழே வேனைக் கழுவ ஆரம்பித்தார். வருஷா வருஷம் வருகிற காட்டுத்தீப் புகைமூட்டம். எதிர் பிளாக் தெரியவில்லை, தொண்டை கரகரத்தது. வாளியில் டெட்டால் ஊற்றிச் சீட்டைத் துடைத்துக்கொண்டிருந்தார், யாரும் வாந்தி எடுக்காத சீட்டை.

"தம்பி, ஊரு என்னா பேசுதுன்னு தெரியுமா?"

"தெரியும்க்கா."

"தெரிஞ்சுமா சும்மா இருக்கே? அந்த வாட்ஸ்அப்புல போடு. நான் குடிக்கிறவன் இல்ல, வந்து பாருங்கடான்னு போடு!"

"போட்டேன். கதைதான்னு போட்டேன். ஒருத்தரும் பதில் போடல. ஆறு பேரு குழுவ விட்டுப் போயிட்டாங்க."

"அந்தப் புள்ள எதுக்கு இப்பிடி எழுதுச்சு? ஒன்னய மாதிரி ஒரு அப்பன் கெடைக்க..."

"வாத்தியார் சிறுகதை சொல்லிக் குடுக்கறாரு. அதுக்கு எழுதியிருக்கு. விடுங்க."

"அந்தப் பேப்பரக் குடு. கண்ணாடி போட்டு முழுசாப் படிக்கிறேன்."

"வேணாம்க்கா!"

கத்திவிட்டார். ஏழு வருஷத்தில் என்னிடம் அவர் குரல் உயர்ந்தது அன்றுதான். அவருக்கே ஒரு மாதிரி ஆகிவிட்டது. துணியைப் பிழிந்துகொண்டே, "படிச்சி என்னா ஆவப் போவுது? விட்டுருங்க" என்றார். எனக்கு முகத்தில் அடித்த மாதிரி இருந்தது. உனக்காகத்தான் நான் கத்துகிறேன், என்மேலேயே எகிறுகிறாயா என்று மாடியேறிப் போனேன்.

மாதவி அடுப்படியில் உட்கார்ந்து நெத்திலித் தலைகளைக் கிள்ளிக்கொண்டிருந்தாள். கண் வீங்கியிருந்தது. கையுறைத் தொழிற்சாலையில் இரவு ஷிப்ட் முடித்து வந்தவள், தூங்கவில்லை.

"எனக்கு நாக்கப் புடுங்கிக்கலாம் போல இருக்குக்கா. ஷிப்ட்ல ஒருத்தி கேக்கறா, 'ஏன் மாதவி, அண்ணன் அடிப்பாரா?'ன்னு. பாவமாப் பாத்து கேக்கறா! வேகமா வந்துச்சு பாருங்க. அவரானா வாயத் தொறக்க மாட்டேங்கறாரு. என்னையும் தொறக்க விடமாட்டேங்கறாரு."

"ஒனக்கு என்னா தொறக்கறதுக்கு?"

அவள் என்னைப் பார்த்தாள். ஏதோ சொல்ல வந்தாள். பிறகு நெத்திலியையே பார்த்துக்கொண்டு, "ஒன்னும் இல்லக்கா" என்றாள்.

அறைக் கதவு சாத்தியிருந்தது. நான் போய்த் தட்டினேன். "அடியே விஷ்ணு! வெளிய வாடி. ஒங்கப்பன் ஒன்னய ஒரு சொல்லு சொல்லியிருப்பானாடி? அந்த மனுஷன் கையில பாட்டிலக் குடுத்திருக்கியே, ஒன் கை வெளங்குமா?"

உள்ளே இருந்து அழுகை சத்தம் வந்தது. "சார் சிக்கல் வேணும்னாரு பெரிம்மா" என்றாள். வேறு எதுவும் சொல்லவில்லை.

சனிக்கிழமை மாதவியை இழுத்துக்கொண்டு அந்த சாரைப் பார்க்கப் போனேன். அதற்குள் பதினோரு பிள்ளைகள் நின்றுவிட்டார்கள். சரியாகப் பாதி வேன். சுகுமாறன் சார் விஷ்ணு படிக்கும் இடைநிலைப்பள்ளியில் தமிழ் ஆசிரியர். சனிக்கிழமைதோறும் ஒரு வகுப்பறையைத் திறந்து சிறுகதை சொல்லிக் கொடுக்கிறார், சல்லிக்காசு வாங்குவதில்லை. அதையும் சொல்லத்தான் வேண்டும். முப்பத்தைந்து வயதிருக்கும். தேய்த்த சட்டை, மரியாதையான பேச்சு. ஆளைப் பார்த்தால் கோபம் வராது, அதுவே எனக்கு எரிச்சலாக இருந்தது.

வெள்ளைப் பலகையில் ஒரு மலை வரைந்திருந்தார். அடிவாரத்தில் பாத்திரம், பின்னணி. ஏறுகிற பக்கம் சிக்கல். உச்சியில் உச்சம். இறங்குகிற பக்கம் முடிவு. கடைசியில் கட்டம் கட்டிப் படிப்பினை. பத்துப் பன்னிரண்டு பிள்ளைகள் அதை நோட்டில் வரைந்துகொண்டிருந்தார்கள்.

"வாங்கம்மா. விஷ்ணுப்ரியா ஏன் வரல? ரொம்பத் திறமையான பொண்ணு."

"திறமையால அவங்கப்பா பொழப்பு போச்சு சார்" என்றேன். நடந்ததைச் சொன்னேன். அவர் முகம் வாடியது. நெற்றியைத் தேய்த்துக்கொண்டார்.

"அம்மா, இது புனைவு. கதையில வர்ற 'நான்' எழுதுனவங்க இல்ல. அது நோக்குநிலை. இலக்கியம் படிச்சவங்களுக்கு அது புரியும்."

"வேனுக்குப் புள்ளைய அனுப்பறவங்க இலக்கியம் படிக்கல சார். பேப்பர்தான் படிக்கறாங்க. 'நான்'னு எழுதச் சொன்னது யாரு?"

"நான்தான். தன்மையில எழுதுனா உருக்கமா இருக்கும்."

"குடிகாரன்னு எழுதச் சொன்னது?"

அவர் அலமாரியைத் திறந்து ஒரு கோப்பை எடுத்தார். விஷ்ணு முதலில் எழுதிய கதை இதுதான் என்று நீட்டினார். கோடு போட்ட தாளில் பெரிய பெரிய எழுத்து, கண்ணாடியும் போட்டிருந்தேன். 'அப்பா காத்திருந்த நாள்' என்று தலைப்பு. எனக்குத் தெரிந்த நாள்தான் அது. முதலாம் ஆண்டுப் பிள்ளை ஒன்று, அம்மா கேரி தீவுத் தோட்டத்தில் வேலை செய்கிறவள். வழியில் மோட்டார் கெட்டுப்போய், போனும் செத்துப்போய், வீட்டில் ஆள் இல்லை. பிள்ளையைப் பூட்டிய கேட்டுக்கு முன்னால் இறக்கிவிட்டுப் போக மனசில்லாமல் கமலநாதன் ஆறரை மணி வரைக்கும் மழையில் வேனை நிறுத்திக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வாழைப்பழத்தைப் பொரித்த பீசாங் கோரேங் வாங்கி வந்து, சூட்டை ஊதி ஊதி அந்தப் பிள்ளைக்குக் கொடுத்தார். அம்மா ஓடி வந்ததும் ஒரு வார்த்தை ஏசவில்லை. "புள்ள சாப்ட்டுருச்சும்மா" என்றார். அவ்வளவுதான் கதை.

கீழே சிவப்பு மையில் எழுதியிருந்தது: 'சிக்கல் எங்கே? உச்சம் இல்லை. தந்தையின் பாத்திரம் மாற்றம் அடையவில்லை.'

"ஏன் சார், இதுக்கு என்னா கொறச்சல்?"

"நல்லா இருக்கும்மா. ஆனா ஒன்னும் நடக்கலியே. நல்லவரா இருந்தவர் கடைசி வரைக்கும் நல்லவராவே இருக்கறாரு. பாத்திரம் மாறணும்."

"அப்ப திருந்தறதுக்காக மொதல்ல அந்த மனுஷன் குடிக்கணுமா?"

பின் வரிசையில் ஒரு பிள்ளை களுக்கென்று சிரித்தது. சார் சிரிக்கவில்லை.

"போட்டிக்கு அப்பிடித்தான்மா கேக்கறாங்க. நடுவருங்க சமூகச் சிக்கல் எங்கேன்னு பாப்பாங்க. பத்து கதை வந்தா ஏழுல அப்பா குடிப்பாரு, மிச்சம் மூணுல அம்மா செத்துப்போவாங்க. என் பிள்ளைங்க ஜெயிக்கணும்லா. இந்தப் பிள்ளைங்களுக்கு வேற எதுல கைதட்டு கெடைக்குது, சொல்லுங்க?"

"ஜெயிக்கறதுக்கு ஒங்கப்பாவக் குடிக்க வைங்க. ஏன் சார், நம்ம ஆளுங்க வீட்டுக்குள்ள வேற சிக்கலே இல்லியா? வாடக வீட்டுச் சிக்கல் இல்ல? வேல போற சிக்கல் இல்ல? புள்ளைக்கு அடையாளக் கார்டு இல்லாம அலையறாங்களே, அது சிக்கல் இல்ல?"

"நான் குடின்னு சொல்லல. ஒனக்குத் தெரிஞ்ச சிக்கல எழுதுன்னுதான் சொன்னேன். அடுத்த வாரம் அவளாவே எழுதிட்டு வந்தா. வேன் மோதப் போற கட்டம் மட்டும்தான் நான் சேத்தேன், உச்சத்துக்காக. மத்தது அவ எழுத்து." கொஞ்சம் தயங்கினார். "பாத்து எழுதுன மாதிரி இருந்துச்சும்மா. அந்த அடுப்படி, அந்த அம்மா... நானே நிஜம்னுதான் நெனச்சேன். பாவம்னு நெனச்சித்தான் அவகிட்ட ஒன்னும் கேக்கல."

"நிஜம்னு நெனச்சீங்களா?"

"ஆமாம்மா."

"ஒரு புள்ள வீட்டுல இப்பிடி அடி ஒதை நடக்குதுன்னு நெனச்சீங்க. அந்தப் புள்ளைகிட்ட 'சாப்ட்டியா, நல்லா இருக்கியா'ன்னு ஒரு வார்த்த கேக்கல. ஒரு உச்சம் சேத்து பேப்பருக்கு அனுப்பிட்டீங்க."

அவர் பலகையைத் துடைக்கிற டஸ்டரைக் கையில் உருட்டிக்கொண்டே நின்றார். புதன்கிழமை தமிழ்ப்பள்ளியில் பெற்றோர் கூட்டம் இருக்கிறது, வந்து நீங்களே சொல்லுங்கள் என்றேன். வருகிறேன் என்றார். நான் கத்தியதைக் கேட்டு மாதவி ஒரு வார்த்தை ஒத்து ஊதவில்லை. தரையையே பார்த்துக்கொண்டு வந்தாள். என்ன பெண் இவள் என்று அவள்மேலும் எரிந்து விழுந்தேன்.

புதன்கிழமை சாயங்காலம் ஐந்து மணிக்கு பள்ளிச் சிற்றுண்டிச்சாலையில் கூட்டம். வானம் பிளந்துகொண்டு ஊற்றியது. தகரக் கூரையில் விழுகிற சத்தத்தில் ஒலிபெருக்கி வைத்துத்தான் பேச வேண்டியிருந்தது. பெற்றோர் சங்கத் தலைவர் பரமேஸ்வரன், மற்ற விஷயங்களை எல்லாம் முடித்துவிட்டுக் கடைசியில் வேனுக்கு வந்தார். மூலையில் மேசைமேல் டீயும் கறிபாப்பும் மூடி வைத்திருந்தது. நான், கமலநாதன், மாதவி மூவரும் ஓரமாக ஒரு பெஞ்சில் இருந்தோம். விஷ்ணுவைக் கூட்டிவரக் கூடாது என்று கமலநாதன் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

சுகுமாறன் சார் வரவில்லை. கடிதம் அனுப்பியிருந்தார். 'இச்சிறுகதையில் வரும் சம்பவங்கள் யாவும் கற்பனையே' என்று பரமேஸ்வரன் படித்தார்.

"கற்பனைன்னு எல்லாரும்தான் போடுவாங்க" என்றாள் வாணி.

கமலநாதன் எழுந்தார். அவருக்குக் கூட்டத்தில் பேசிப் பழக்கமில்லை. "நான் குடிக்கிறதில்லங்க. வேணும்னா கிளினிக்குக்குப் போயி ரத்தம் குடுக்கறேன். தினம் காலையில ஊதச் சொன்னாலும் ஊதறேன்" என்றார். ஒன்பது வருஷம் இவர்கள் பிள்ளைகளைச் சுமந்தவர், ஊதிக் காட்டுகிறேன் என்று கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறார். எனக்கு அங்கேயே பெஞ்சைத் தூக்கி அடிக்கலாம் போல இருந்தது.

"ஒங்க மேல எங்களுக்குக் கோவம் இல்லண்ணே" என்றார் பரமேஸ்வரன். "ஆனா இதைப் படிச்சவங்க எல்லாரும் ஒன்னுதான் சொல்றாங்க. கண்ணால பாக்காத புள்ள இப்பிடி எழுத முடியாது. நீங்களே சொல்லுங்க, ஒரு சின்னப் புள்ள இதைக் கற்பனையில எழுதுமா?"

பேப்பரை முன் வரிசையில் கொடுத்தார். கை மாறி மாறி எங்கள் பெஞ்சுப் பக்கம் வந்தது. நான் வாங்கினேன். பையில் இருந்து கண்ணாடியை எடுத்தேன்.

"அக்கா, அது வேணாம். இங்க குடுங்க" என்று கமலநாதன் கையை நீட்டினார். மாதவி என் முழங்கையைப் பிடித்தாள். நான் உதறிவிட்டுப் படித்தேன்.

'கண்ணீரில் ஒரு விடியல்' என்று தலைப்பு. கதிரவன் பொற்கரங்களை நீட்டுவதில் ஆரம்பித்தது. அடுத்து ஸ்டியரிங், பாட்டில். இரண்டாவது பத்தியில் இப்படி இருந்தது:

'அப்பா சோற்றுப் பானையைத் தூக்கி எறிந்தார். சுவரில் சாம்பார் வழிந்தது. அம்மா அதைத் துடைக்கவில்லை. முதலில் ஜன்னலைச் சாத்தினாள். பிறகுதான் துடைத்தாள். நான் வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவில் உட்கார்ந்திருந்தேன். மெஷின் சூடாக இருந்தது. மறுநாள் பக்கத்து வீட்டு ஆன்டி கேட்டபோது, அம்மா கன்னத்தைப் பொத்திக்கொண்டு, பல்வலி என்று சிரித்தாள்.'

மழைச் சத்தம் எனக்குக் கேட்கவில்லை.

ஜன்னலைச் சாத்தியவள் நான். சத்தம் வெளியே போகக் கூடாது என்று எதையும் செய்வதற்கு முன்னால் ஜன்னலைச் சாத்துவேன். பல்வலி என்று மாதவியிடம் சிரித்தவள் நான். எத்தனை பல்வலி! வாஷிங் மெஷினுக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தது என் மகள் ஷாமினி. அன்றைக்கு அவளுக்குப் பக்கத்தில் இன்னொரு பிள்ளையும் இருந்தது. ஏழு வயசு. ஹோம்வொர்க் செய்ய என் வீட்டுக்கு வந்த பக்கத்து வீட்டுப் பிள்ளை. அதன் காதை ஷாமினி பொத்திக்கொண்டிருந்தாள். கண்ணை யாரும் பொத்தவில்லை. நான் அதை மறந்தே போயிருந்தேன்.

அடுத்த வருஷம் என் வீட்டுக்காரர் போய்ச் சேர்ந்தார். மாரடைப்பு என்று எல்லாரிடமும் சொன்னேன். போன வருஷம் ஷாமினியைப் பிரிக்பீல்ட்ஸில் கட்டிக் கொடுத்தபோது மணமேடைக்குப் பக்கத்தில் அவர் படத்துக்கு ரோஜாமாலை போட்டேன். தங்கமான மனுஷன், கொடுத்து வைக்கவில்லை என்று சம்பந்தியம்மாவிடம் கண்ணைத் துடைத்துக்கொண்டேன். உண்மை தெரிந்தவர்கள் ஒரே ஒரு வீட்டுக்காரர்கள்தான். சுவருக்கு அந்தப் பக்கம் இருந்தவர்கள்.

பத்து நாளாக இந்த மனுஷன் எதற்கு வாயைத் திறக்கவில்லை என்று அப்போது புரிந்தது. மாதவி ஏன் பேப்பரை மறைத்தாள், ஏன் தரையைப் பார்த்தாள் என்று புரிந்தது. இது என் வீடு இல்லை, பக்கத்து வீடு என்று ஒரு வார்த்தை சொல்லியிருந்தால் வேன் நிறைந்திருக்கும். சொல்லாமல், தினம் காலையில் ஊதிக் காட்டுகிறேன் என்று நிற்கிறார்.

நான் எழுந்தேன்.

"அக்கா, உக்காருங்க" என்றார் கமலநாதன். கெஞ்சுகிற குரல்.

"நீ உக்காரு தம்பி. மைக்கக் குடுங்க இங்க." பரமேஸ்வரன் தயங்கித்தான் கொடுத்தார். "நீங்க சொன்னது சரி. கண்ணால பாக்காம அந்தப் புள்ள எழுதல. பாத்துருக்கு. ஆனா பாத்தது அவங்க வீட்டுல இல்ல, எங்க வீட்டுல. இந்த சாம்பாரு எங்க வீட்டுச் சுவத்துல வழிஞ்சது. இந்த ஜன்னல சாத்துனவ நான்தான். குடிச்சது என் புருஷன். அய்யாவு. அதான் அவரு பேரு."

விண்ணப்பப் பாரத்தில் எழுதியிருக்கிறேன். அந்த ஆளின் பெயரை வாயால் சொன்னது அதுதான் முதல் தடவை.

"பதினெட்டு வருஷம் குடிச்சாரு. குடிச்சே செத்தாரு. மாரடைப்புன்னு நான் பொய் சொன்னேன். எனக்குப் பல்லு வலியே கெடையாது, பாத்துக்குங்க, முப்பத்திரண்டுல ரெண்டுதான் கொறையுது, அது ரெண்டும் அவரு எடுத்தது. கமலநாதன் குடிக்கல. அந்தப் புள்ள ரெண்டு வீட்டையும் ஒன்னா ஆக்கிப்புடுச்சு. அந்த மனுஷன் என் மானத்துக்காகத் தன் மானத்த வித்துக்கிட்டு உக்காந்துருக்காரு. நீங்க ஊதச் சொல்லுங்க, நல்லா சொல்லுங்க!"

ஒலிபெருக்கி கீச்சென்று கத்தியது. பிறகு ஒரு பெருமூச்சு மாதிரி அந்த இடம் முழுக்க ஒரு அசைவு. அதை என்னால் சாகிற வரைக்கும் மறக்க முடியாது. எல்லாருக்கும் நிம்மதி. குடிகாரன் கிடைத்துவிட்டான். அதுவும் செத்துப்போனவன், வேன் ஓட்டாதவன். "பாவம்க்கா" என்றாள் வாணி. "அப்ப பிரச்சின முடிஞ்சது" என்றார் பரமேஸ்வரன். "எல்லாரும் டீ சாப்பிட்டுப் போங்க."

போய் எடுத்தார்கள். கறிபாப் எடுத்தார்கள், சாஸ் ஊற்றிக்கொண்டார்கள். இரண்டு பேர் வந்து என் கையைப் பிடித்தார்கள். கமலநாதன் பக்கம் ஒருவரும் போகவில்லை. அவர் மழையில் இறங்கி வேனுக்கு நடந்துகொண்டிருந்தார்.

வேனில் மூவரும் ஈரத்தோடு உட்கார்ந்திருந்தோம்.

"ஏன்க்கா சொன்னீங்க?" என்றார்.

"நீ ஏன் சொல்லல?"

"என் வீட்டு விஷயமா இருந்தா சொல்லியிருப்பேன்."

வைப்பர் ஓடிக்கொண்டிருந்தது. மாதவி பின்னால் இருந்து அழுதாள். "நான் சொல்லத்தான்க்கா சொன்னேன். ஒங்களக் காட்டிக்குடுக்கச் சொன்னேன். வயிறு எரிஞ்சி சொன்னேன். அவரு விடல" என்றாள். அவள் சொன்னதில் என்ன தப்பு? நானாக இருந்தாலும் சொல்லியிருப்பேன்.

மாடியேறியதும் விஷ்ணு வாசலில் நின்றாள். என் முகத்தைப் பார்த்ததும் அவளுக்குத் தெரிந்துவிட்டது.

"என்னையக் கேட்டியாடி?"

"இல்ல பெரிம்மா."

"கேட்டிருந்தா?"

"வேணாம்னு சொல்லியிருப்பீங்க."

"தெரிஞ்சுதான் எழுதுன."

"ஒனக்குத் தெரிஞ்ச சிக்கல எழுதுன்னு சார் சொன்னாரு. எனக்குத் தெரிஞ்சது அது ஒன்னுதான் பெரிம்மா" என்று விம்மினாள். "நானே உண்மைய சொல்லிடறேன்னேன். ஒருத்தர்கிட்டயும் மூச்சு விடக்கூடாதுன்னு அப்பா சத்தியம் வாங்கிட்டாரு."

நான் அவளை அணைத்துக்கொள்ளவில்லை. அந்த அளவுக்கு என் மனசு இன்னும் இளகவில்லை. அவளை விலக்கிவிட்டு என் வீட்டுக்குள் போனேன்.

விஷயம் பிரிக்பீல்ட்ஸ் போய்ச் சேர இரண்டு மணி நேரம்கூட ஆகவில்லை. ஷாமினி அழைத்தாள். "அம்மா, அத்த கேக்கறாங்க, நெஜமான்னு. நான் என்னாம்மா சொல்றது?"

"ஆமான்னு சொல்லு."

"மாலை போட்டியேம்மா. அவங்க முன்னாடி அழுதியேம்மா."

"அதுவும் ஆமான்னு சொல்லு."

அவள் போனை வைத்துவிட்டாள். அதற்கப்புறம் இன்னும் அழைக்கவில்லை.

மறுநாள் வியாழக்கிழமை. கமலநாதன் வழக்கம்போல் ஐந்தே முக்காலுக்கு வேனை எடுத்தார். விட்டுப்போன பிள்ளைகளையும் ஏற்றிக்கொள்ளச் சொல்லி வாட்ஸ்அப்பில் வந்திருந்தது. நடுவில் எதுவுமே நடக்காத மாதிரி எழுதியிருந்தார்கள். 'அங்கிள், இன்னிக்குலேர்ந்து பிள்ளை வருவா.' கட்டைவிரல் படம் ஒன்று.

முதல் நிறுத்தம் வாணி வீடு. இரண்டு பிள்ளைகளையும் பையோடு வாசலில் நிறுத்தியிருந்தாள். நான் இறங்கினேன். வேன் கதவைத் திறக்காமல் அதில் முதுகைச் சாய்த்து நின்றேன்.

"என்னாக்கா? கதவு மாட்டிக்கிச்சா?"

"கதவு நல்லாத்தான் இருக்கு. அண்ணன்கிட்ட சாரி சொல்லு."

"என்னாக்கா நீங்க, அதான் நேத்தே முடிஞ்சு..."

"எனக்கு முடிஞ்சது. அவருக்கு எங்க முடிஞ்சது? குடிகாரன்னு ஊரெல்லாம் பேசும்போது வாய் வலிக்கல. இப்ப ஒரு சாரி சொல்லு. அப்புறம் புள்ளைய ஏத்தறேன்."

பின்னால் ஒரு கார் ஹாரன் அடித்தது. இன்னும் ஒன்பது நிறுத்தம் இருந்தது. கமலநாதன் கண்ணாடியில் என்னைப் பார்த்தார். ஒருநாளும் பிந்தாத மனுஷன், விடுங்கக்கா, லேட்டாயிடும் என்றுதான் சொல்வார் என்று நினைத்தேன். சொன்னாலும் நான் விடுவதாக இல்லை.

அவர் சாவியைத் திருகி என்ஜினை அணைத்தார்.

தெரு அமைதியானது. வாணி என்னைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். முகம் சிவந்துபோனது. ஓட்டுநர் ஜன்னலுக்குப் போய், "சாரிண்ணே" என்றாள். அவர் நேராகச் சாலையைப் பார்த்துக்கொண்டே தலையை ஆட்டினார். நான் கதவைத் திறந்தேன்.

பத்து நிறுத்தம். கேட்டில் நின்றவர்கள், நைட்டியோடு வந்தவர்கள், டை கட்டிக்கொண்டே வந்த பரமேஸ்வரன், எல்லாரும் சொன்னார்கள். ஒவ்வொரு நிறுத்தத்திலும் அவர் என்ஜினை அணைத்தார், ஒவ்வொன்றிலும் கேட்டபிறகுதான் கிளப்பினார். பள்ளிக்கு இருபத்தைந்து நிமிஷம் தாமதம். காவலாளி கேட்டைச் சாத்திவிட்டிருந்தார். பிள்ளைகள் இறங்கி வரிசையாகத் தாமதப் புத்தகத்தில் பெயர் எழுதினார்கள், ஒன்றிரண்டு சந்தோஷமாகவே எழுதின.

காலி வேனில் முன் சீட்டில் ஏறி உட்கார்ந்தேன். எல்லாரிடமும் வாங்கிக் கொடுத்துவிட்டேன். ஒருத்தி மட்டும் இன்னும் சொல்லவில்லை. எட்டு வருஷம் அவர்கள் வீட்டுச் சுவருக்குப் பின்னால் ஒளிந்துகொண்டிருந்தவள்.

"தம்பி" என்றேன். "சாரி தம்பி."

கமலநாதன் என் பக்கம் திரும்பவில்லை. சாவியைத் திருகினார். கண்ணைப் புறங்கையால் ஒருமுறை துடைத்துக்கொண்டார்.

"பெல்ட்டப் போடுங்கக்கா" என்றார்.